ஓடித் தேறிய உடம்பு

சிப்பிப்பாறை நாயின் அருமை, அது ஓடி முடித்துத் திரும்பி வந்து நிற்கும்போதுதான் தெரியும். நரிக்குடிப் பக்கம் தண்ணீர் வற்றிய கண்மாய் உள்வாயில், விடியற்காலையில் ஒரு நாயை அவிழ்த்துவிட்டுப் பாருங்கள். புதிதாகப் பார்ப்பவர் வேகத்தைக் கண்டு வாய் பிளப்பார். நாய் வளர்த்துப் பழகியவர், அது திரும்பியதும் விலாவைப் பார்ப்பார். நாக்கு தொங்க, விலா ஏறி இறங்க வந்த நாய்க்குச் சிறிது நேரத்தில் இரைப்பு அடங்குகிறதா, கால் ஊன்றல் சரியாக இருக்கிறதா, தலை நிமிர்த்தி மறுபடி வெட்டவெளியைப் பார்க்கிறதா? அப்படியென்றால் அது தேறிய நாய். வேகம் பிறப்போடு வருவது. மூச்சு சீக்கிரம் அடங்குவது வளர்ப்பில் வருவது.

விருதுநகர் மாவட்டத்து ஊர்ப் பெயர்களைத் தாங்கி இரண்டு நாயினங்கள் இருக்கின்றன. மேற்கே ராஜபாளையம்: வெள்ளை உடம்பு, கனத்த எலும்பு, காவலுக்குப் பேர் போனது. 2005இல் அஞ்சல் துறை வெளியிட்ட நாய்த் தபால்தலைகளில் அதுவும் ஒன்று. மற்றது சிப்பிப்பாறை. கருப்பு உடம்பில் பழுப்புக் கால்களோடு வரும் கன்னி அதற்கு நெருங்கிய உறவு. மோப்பத்தை நம்பாமல், இரையைக் கண்ணால் கண்டு காலால் துரத்தும் இனம் இது. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி வரை விரியும் மானாவாரி நிலத்துக்கு ஏற்ற ஓட்டக்காரன்.

அந்த உடம்பின் அமைப்பைப் பாருங்கள். மார்பு முன்னங்கால் முழங்கை வரை இறங்கியிருக்கும். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் அங்கே தாராளமான இடம். வயிறு எக்கியிருக்கும். இடுப்புக்கு மேல் முதுகு லேசாக வளைந்திருக்கும். முழு ஓட்டத்தில் அந்த முதுகு வில்லைப் போல் வளைந்து நிமிரும். ஒவ்வொரு பாய்ச்சலிலும் நான்கு கால்களும் இரண்டு முறை தரையை விட்டு எழும்: உடம்பு முழுக்க நீளும்போது ஒருமுறை, கால்கள் வயிற்றடியில் குவியும்போது ஒருமுறை. நாலுகால் பாய்ச்சலில் போகும் குதிரைகூட ஒருமுறைதான் எழும். சிறுத்தைப்புலியைவிட வேகமான சிவிங்கிப்புலியும், மேல்நாட்டுக் கிரேஹவுண்டும் ஓடுவது இதே இரட்டை எழும்பலில்தான்.

இந்தப் பாய்ச்சலுக்கு வேண்டிய உரத்தை நடைதான் கொடுக்கிறது. தினமும் வாரில் பிடித்து நீண்ட நடை. உடம்பு பழகிய பின் சைக்கிளை ஒட்டிச் சீரான ஓட்டம். ஆற்று மணலில் நடத்தினால் ஒவ்வொரு அடியும் புதைந்து எழும், பின்சப்பை இறுகும். கண்மாய் பெருகும் காலத்தில் நீச்சல் விட்டால், மூட்டில் அடி விழாமலே மூச்சு வளரும். அவிழ்த்துவிட்ட முழு ஓட்டம் இவற்றுக்கெல்லாம் பிறகு, அதுவும் இடைவெளி விட்டு. குட்டிக்கு எலும்பு முற்ற ஒரு வயதுக்கு மேல் ஆகும். அதற்குள் ஆசைப்பட்டு விரட்டினால் ஆயுசுக்கும் மூட்டு கெடும்.

நிலத்தையும் அறிய வேண்டும். கோடையில் கரிசல் வெடித்துக் கிடக்கும். வெடிப்பில் கால் சிக்கினால் எலும்பு முறியும். அந்த நாட்களில் செம்மண் பொட்டல்தான் நல்லது. சீமைக் கருவேல முள் எங்கும் கிடப்பதால், ஓட்டம் முடிந்ததும் நான்கு பாதங்களையும் விரித்துப் பார்க்காத வளர்ப்பு, வளர்ப்பே இல்லை.

தீனியில் கம்பங்கஞ்சி, மோர், முட்டை, அளவாக இறைச்சி. தேறிய நாய்க்குக் கடைசி விலா எலும்புகள் சில தெரியும், இடுப்பெலும்பின் முனை தெரியும். விவரம் தெரியாதவர் இதைப் பட்டினி என்பார். முதுகுத்தண்டின் இரு பக்கமும் விரலை வைத்து அழுத்திப் பாருங்கள். பட்டினி கிடந்த நாய்க்கு அங்கே பள்ளம் விழும். ஓடித் தேறிய நாய்க்குத் தசை திரண்டு விரலைத் தள்ளும். தொடைத் தசையும் அதையே சொல்லும்.

இந்த வறண்ட நாட்டில் எல்லாவற்றுக்கும் மேலான சோதனை சூடு. நாய்க்கு வியர்வை உள்ளங்காலில் மட்டுமே. உடம்பின் சூட்டை இரைத்துத்தான் வெளியே தள்ள வேண்டும். அதன் இயல்பான உடல்வெப்பம் 38, 39 டிகிரி செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. அலாஸ்காவில் பனிவண்டி நாய்கள் இடிட்டராட் பந்தயத்தில் சுமார் 1,600 கிலோமீட்டர் இழுத்துச் செல்கின்றன. கொழுப்பை எரித்து, குளிரில் நாள்கணக்கில் ஓடும் தாங்குதிறன் அது. நம் நாயின் தாங்குதிறன், சில நிமிடங்களில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, சூட்டைத் தணித்துக்கொண்டு மீண்டு வருவதில் இருக்கிறது. ஆகவே வெயில் ஏறும் முன்பே ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியா சிப்பிப்பாறையைத் தனி இனமாக ஏற்றிருக்கிறது. கண்காட்சி மேடையில் நம் நாய் நிற்பது பெருமைதான். ஆனால் மேடைக்காகச் சதை ஏற்றி, ரோமத்தை மினுக்கிக் கொண்டுவரும்போது மனம் வலிக்கிறது. எக்கிய வயிறு நிரம்பிவிட்டால் இந்த இனத்தின் அழகே போய்விடும். மேடைக்கும் களத்துக்கும் உடம்பு ஒன்றுதான். களத்தில் தேறிய நாய் மேடையில் நாலு எட்டு நடந்தாலே தெரியும்: பின்கால் உதைத்துத் தள்ளும், முன்கால் தடையில்லாமல் நீளும், முதுகு குலுங்காது.

இந்த நாய்களை வைத்து ஆடிய முயல் வேட்டை, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அது நியாயமான சட்டம். வேட்டை போனாலும் ஓட்டம் போகக் கூடாது. ஆட்டுக் கிடைக் காவலும் தோட்டக் காவலும் இன்றும் இந்த நாய்களுக்கு உண்டு. அதோடு காலை ஓட்டமும் இருந்தால் இனம் தன் உடம்பை இழக்காது. நாட்டு நாய் மீதான பாசத்தால் நகரத்தில் பலர் இப்போது குட்டி தேடுகிறார்கள். அவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: தினமும் நடத்த நேரமும், வாரத்தில் சில நாளாவது அவிழ்த்துவிட வேலியடைத்த வெட்டவெளியும் இருந்தால் சிப்பிப்பாறை வாங்குங்கள். இல்லையென்றால், ஓட வைக்கக்கூடிய ஒருவரிடம் அந்தக் குட்டி வளரட்டும்.