உறுமி எங்கே போனது? எம்.ஐ.ஏ.வின் ‘மாயா’ பற்றி

போன மாசம் கைலாசபுரம் டவுன்ஷிப்பில் அக்கா வீட்டில் நாலு நாள் இருந்தேன். பழைய ஹார்ட் டிஸ்க்கை நோண்டியதில் எம்.ஐ.ஏ.வின் ‘மாயா’ ஆல்பம் கிடைத்தது. 2010-ல் இரண்டு முறை கேட்டு, பிடிக்காமல் ஓரங்கட்டியது. ‘ஸ்டெப்பின் அப்’ பாட்டைப் போட்டதும் மாமா எட்டிப் பார்த்தார். அவருக்கு பெல் பாய்லர் ஆலையில் வேலை. “டிரில்லிங் சத்தம் கேக்கத்தான் தினமும் ஷிஃப்டுக்குப் போறேன். லீவு நாள்லயும் அதையே போடுறியேப்பா!”

அவர் சொன்னது சரிதான். அந்தப் பாட்டின் தாளத்தில் நிஜமாகவே டிரில் மெஷின் சத்தம் இருக்கு. அது ஏன் அங்கே வந்தது என்பதுதான் என் கேள்வி.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி அருள்பிரகாசம் 1975-ல் லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1986-ல் அகதியாக லண்டன் திரும்பியவர். முதல் ஆல்பத்துக்கு (2005) அப்பாவின் இயக்கப் பெயர், ‘அருளர்’. இரண்டாவதுக்கு (2007) அம்மா பெயர், ‘கலா’. மூன்றாவதுக்குத் தன் பெயர். ‘கலா’வில் இருந்த ‘பேப்பர் பிளேன்ஸ்’ 2008-ல் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 4-ம் இடம் வரை ஏறியது. தி கிளாஷ் என்ற பிரிட்டிஷ் பங்க் குழுவின் 1982 பாட்டிலிருந்து எடுத்த துணுக்கின் மேல் கட்டிய பாட்டு அது. 2009 பிப்ரவரியில் நிறைமாத கர்ப்பிணியாக கிராமி மேடையில் ஏறினார்.

பங்க் வழியில் வந்தவர்களுக்குப் பெரிய வெற்றிக்கு அடுத்த ஆல்பம் ஒரு கண்டம். அதே மாதிரி இன்னொன்று செய்தால் விலைபோய்விட்டான் என்பார்கள்; மாற்றிச் செய்தால் திமிர் என்பார்கள். நிர்வாணா ‘நெவர்மைண்ட்’ (1991) வெற்றிக்குப் பிறகு ஸ்டீவ் ஆல்பினியை வைத்து ‘இன் யூட்டரோ’வை (1993) கரடுமுரடாகப் பதிவு செய்தார்கள். அவர்களே கடைசியில் இரண்டு பாட்டை வேறொருவரிடம் கொடுத்து மறுபடி மிக்ஸ் பண்ணித்தான் வெளியிட்டார்கள்.

‘மாயா’ அமெரிக்காவில் 9-ம் இடத்தில் நுழைந்தது. விமர்சகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். பிட்ச்ஃபோர்க் தளம் பத்துக்கு 4.4 போட்டது. என் புகார் வேறு. ‘கலா’வில் சென்னையில் பதிவான உறுமி இருந்தது, ‘தளபதி’யின் காட்டுக்குயிலு இருந்தது. சமயபுரம் கூட்டத்தில் கேட்டு வளர்ந்த சத்தம் உலகம் முழுக்க ஒலித்தது எனக்குக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளும் விஷயம். ‘மாயா’வில் அந்த உறுமியைக் காணோம். நம்மளை விட்டுட்டாங்க என்றே நினைத்தேன்.

இப்போது தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். பிப்ரவரி 2009, கிராமி. மே 2009, முள்ளிவாய்க்கால். ஏப்ரல் 2010, ‘பார்ன் ஃப்ரீ’ வீடியோ. சூசைட் என்ற நியூயார்க் குழுவின் 1977 பாட்டை அடியில் போட்டு, அதன் மேல் கத்துகிறார். ரோமன் காவ்ராஸ் எடுத்த வீடியோவில் செந்நிறத் தலைமுடி உள்ள பையன்களை மட்டும் ஆயுதப்படை வீடு புகுந்து இழுத்துப் போய்க் கொல்கிறது. யூடியூப் அதற்குக் கட்டுப்பாடு போட்டது. எந்த ஊர் என்று வீடியோ சொல்லவில்லை. நமக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை.

உறுமி ஊர் கூடி அடிக்கிற வாத்தியம். ‘கலா’ பல நாடுகளில், பல பேரோடு சேர்ந்து பதிவானது. ‘மாயா’வின் பெரும்பகுதி லாஸ் ஏஞ்சலஸில் அவர் வீட்டிலேயே உருவானது. ஊரில் நடப்பதை ஸ்கிரீனில் மட்டும் பார்க்க முடிகிற ஒருத்தரின் ஆல்பம் இது என்றே இப்போது கேட்கிறேன். அட்டைப்படத்தில் அவர் முகத்தை மறைத்து நிற்பதும் யூடியூப் பட்டைகள்தான். முதல் துண்டான ‘தி மெசேஜ்’, நம் கையில் இருக்கும் கருவியிலிருந்து கூகுள் வழியாக அரசாங்கம் வரை ஒரே சங்கிலி என்கிறது. சாஃப்ட்வேர்காரனான நான் 2010-ல் அதைக் கேட்டுச் சிரித்தேன். 2013-ல் ஸ்னோடென் ஆவணங்கள் வந்த பிறகு சிரிக்க முடியவில்லை.

இதனால் ஆல்பம் முழுசும் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. ‘எக்ஸ்எக்ஸ்எக்ஸ்ஓ’ ரேடியோவுக்கென்றே வழவழப்பாகச் செய்த பாட்டு. ‘டெகில்லா’ ஆறு நிமிஷத்துக்கு மேல் இழுக்கிறது. சத்தம் அதிகம் என்று அன்று எழுதினார்கள். எனக்கு அதை அவர் பாதியில் கைவிட்டதுதான் குறையாகப் படுகிறது. நிர்வாணா மறுமிக்ஸில் செய்த சமரசத்தை இவர் பாட்டு வரிசைக்குள்ளேயே செய்துவிட்டார்.

கேட்காதவர்கள் ‘தி மெசேஜ்’, ‘ஸ்டெப்பின் அப்’, ‘பார்ன் ஃப்ரீ’ மூன்றையும் அடுத்தடுத்து கேளுங்க. ஹெட்போன் வேண்டாம், ஸ்பீக்கரில் போடுங்க. வீட்டில் திட்டுவார்கள். மாமாவும் திட்டினார். ஆனால் ‘பார்ன் ஃப்ரீ’ வீடியோவை நின்றபடியே கடைசிவரை பார்த்துவிட்டு, “இது எந்த வருஷம் வந்துச்சு?” என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை.