முகவரியற்ற மனம்

மனோசிகிச்சை பற்றி இங்கு நடக்கும் பேச்சில் இரண்டு கட்சிகள் உருவாகியிருக்கின்றன. மனம் தனிமனிதனுக்குள் இயங்குவது, அங்கேயே அதைச் சீர்செய்ய வேண்டும் என்பது ஒன்று. மனத்தின் துயரம் முழுவதும் சமூகம் தந்தது, சமூகத்தை மாற்றாமல் சிகிச்சை என்பது ஏமாற்று என்பது மற்றொன்று. இலக்கிய வாசகனுக்கு இது பழகிய சண்டைதான். தூய கலை என்றும் முற்போக்கு என்றும் பெயர் சூட்டிக்கொண்டு வெகுகாலம் நாம் போட்ட சண்டையின் மறுபதிப்பு. அங்கு போலவே இங்கும் இரு தரப்பும் கோட்டைவிடுவது எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆளை.

தாம்பரத்தை எடுத்துக்கொள்வோம். 1928இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக இங்கே சானடோரியம் ஆரம்பித்தார். அந்நாளில் காசத்துக்குத் திட்டமான மருந்து கிடையாது. திறந்த வெளியும் காற்றும் ஓய்வுமே வைத்தியம். 1937இல் அது அரசாங்கத்திடம் போயிற்று. நகரத்திலிருந்து விலகியிருப்பது நோயாளிக்கு நல்லது. நகரத்துக்கும் அது சௌகரியமாக இருந்தது. இன்று சானடோரியம் என்பது மின்சார ரயில் நிற்கும் ஒரு நிலையத்தின் பெயர். இறங்குகிறவர்களில் பலருக்கு வியாதி ஞாபகம் வருவதில்லை. 1986இல் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. சென்னையில் கண்டறியப்பட்டபின், வேறிடங்களில் கதவு சாத்தப்பட்டவர்கள் தொண்ணூறுகளில் வந்து சேர்ந்ததும் இதே ஆஸ்பத்திரிக்குத்தான். 2000க்குப் பிறகு ஆற்றங்கரைகளிலும் கால்வாய்க் கரைகளிலும் இருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் கண்ணகி நகருக்கும், அப்புறம் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுவரப்பட்டன. சௌரி முத்துவின் நோக்கம் கருணை. குடிசை அகற்றலின் நோக்கம் வேறு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால் பார்க்க விரும்பாததைத் தெற்கே அனுப்பிவிடும் பழக்கம் நகரத்துக்கு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

பெரும்பாக்கத்தின் எட்டு மாடி அடுக்கு ஒன்றிலிருந்து ஒரு பெண் வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மனசு என்ற வார்த்தையை அவள் முதலில் எடுப்பதில்லை. தூக்கம் வரவில்லை, நெஞ்சை அடைக்கிறது, உடம்பெல்லாம் வலி என்கிறாள். முதல் கட்சியைச் சேர்ந்த சிகிச்சையாளர் மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவார், எண்ணங்களைக் குறித்துவைக்கச் சொல்வார். இவை பயனற்றவை அல்ல. ஆனால் வேலை செய்துவந்த வீடுகள் கைவிட்டுப்போனதும், பழைய தெருவின் மனுஷர்கள் வெவ்வேறு அடுக்குகளில் சிதறிப்போனதும் அந்த அறைக்குள் வருவதேயில்லை. வேலைக்கு மனுப் போடும்போது கண்ணகி நகர் என்று முகவரி எழுதத் தயங்குவதாக அங்குள்ள இளைஞர்கள் சொல்லிவருகிறார்கள். முகவரியைப் பார்த்து வேலை மறுப்பவர்கள் இருக்கிறார்கள். இந்தத் தயக்கத்தைத் தன்னம்பிக்கைக் குறைவு என்று கோப்பில் எழுதிக்கொள்கிற சிகிச்சையாளர் ஒரு உண்மையை வியாதியாக மாற்றிவிடுகிறார். நகரம் தெற்கே தள்ளியதை இவர் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளுகிறார்.

இரண்டாம் கட்சிக்காரர் அவளுக்கு நிலத்தின் அரசியலை விளக்குவார். அவளுக்கு அது தெரியும்; லாரியில் சாமான் ஏற்றியவள் அவள். ஆனால் அதே மாடியில், அதே கரையிலிருந்து வந்த அடுத்த வீட்டுக்காரி நன்றாகத் தூங்குகிறாளே, அது ஏன்? இந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக் கிடப்பது ஒரு வர்க்கமோ ஒரு ஜாதியோ அல்ல, குறிப்பிட்ட ஒரு பெண். அவளை உதாரணமாக்கிவிட்ட மறுநிமிஷம் அவளும் காணாமல் போகிறாள்.

ஃபிரான்ட்ஸ் ஃபனோனின் அனுபவம் இங்கு பொருந்தும். 1953இல் அல்ஜீரியாவின் ப்ளிடா மனநோய் ஆஸ்பத்திரியில் பொறுப்பேற்ற ஃபனோன், நோயாளிகள் கூடிப் பேசவும் விழா நடத்தவும் பத்திரிகை போடவும் ஏற்பாடு செய்தார். ஐரோப்பியப் பெண்களின் வார்டில் அது பலித்தது. முஸ்லிம் ஆண்களின் வார்டில் படுதோல்வி. நோயாளிகள் ஒத்துழைக்கவில்லை என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஃபனோன் தம் முறையைச் சந்தேகித்தார். அந்த மனிதர்கள் வெளியே எப்படிக் கூடிப் பழகினார்கள் என்று விசாரித்தார். அவர்கள் ஊர்வழக்கில் ஒரு காப்பிக்கடை ஆஸ்பத்திரிக்குள் வந்தது. தனிமனிதனுக்கும் சமூகத்துக்கும் இடையிலிருந்த சுவரை அவர் உடைத்தது ஒரு கோஷத்தால் அல்ல, கேட்பவர் தம்மைத் திருத்திக்கொண்டதால். காலனி ஆட்சிக்குள் இது எவ்வளவு தூரம் போகும் என்ற எல்லை தெரிந்ததும் 1956இல் ராஜினாமா செய்தார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நம்மிடமே இதற்கு ஒரு நிகழ்ச்சி உண்டு. அது ஆஸ்பத்திரியில் நடக்கவில்லை, சென்னை உயர்நீதிமன்றத்தில் நடந்தது. 2021இல் மதுரையிலிருந்து வீட்டை விட்டு வந்த இரண்டு இளம் பெண்கள், சேர்ந்து வாழ்கிற தங்களுக்குப் போலீஸ் தொந்தரவிலிருந்து பாதுகாப்புக் கேட்டார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அவர்களையும் பெற்றோரையும் உளவியல் ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினார். பெண்களுக்குத் தங்கள் உறவு பற்றிக் குழப்பமில்லை, பெற்றோரைத்தான் ஊர்ப் பேச்சு வாட்டுகிறது என்று தெரியவந்தது. குழப்பம் எங்கே இருக்கிறதோ அங்கேதானே சிகிச்சை? நீதிபதி தமக்கு இந்த விஷயத்தில் முன்முடிவுகள் உண்டு என்று உத்தரவிலேயே எழுதி, ஆலோசகரிடம் தாமே போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். ஜூன் 7 அன்று வந்த உத்தரவு, இத்தகையவர்களை மருத்துவத்தால் 'மாற்றும்' முயற்சிகளுக்குத் தடை சொன்னது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அம்முயற்சியைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது.

ஒரு நீதிபதியின் நல்லெண்ணம் என்று இதைப் பாராட்டி முடித்துவிடுவது சுலபம். முக்கியமானது அதில் நிகழ்ந்த தலைகீழ் மாற்றம். பரிசோதனைக்கு உட்பட வேண்டியவர் கேட்டு வந்தவர் என்ற வழக்கம் ஒரு தடவையாவது புரண்டது. சட்டமும் இந்தத் திசையில் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. ஒருவருடைய சமூக, பொருளாதார நிலையை வைத்தோ, அவர் சுற்றத்தாரின் ஒழுக்கத்துக்கும் நம்பிக்கைக்கும் இணங்காததை வைத்தோ மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது என்று 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த வாசகம் நகரத்தின் ஆலோசனை அறைகளுக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது? மணிக்கணக்கில் கட்டணமும் ஆங்கிலப் பேச்சும் வாசலில் நிற்கும்போது, எல்லோரையும் வரவேற்கிறோம் என்ற பலகைக்கு அர்த்தம் குறைவு. தமிழிலோ, மன அழுத்தம் என்ற ஒரே சொல்லை ஆபீஸ் எரிச்சலுக்கும் எழுந்திருக்க முடியாத துயரத்துக்கும் சேர்த்துப் போட்டு வைத்திருக்கிறோம். நெஞ்சை அடைக்கிறது என்கிறவளின் சொல் இதைவிடத் துல்லியமானது.

சமூகப் பிரக்ஞையுள்ள சிகிச்சை என்று ஒன்று உண்டானால் அதற்கு என் அளவுகோல் சின்னது. அந்தப் பெண்ணிடம் முகவரி கேட்க வேண்டும். அங்கே எப்படி வந்தாள் என்று கேட்க வேண்டும். அதன்பின், அடுத்த வீட்டுக்காரி தூங்குகையில் அவள் மட்டும் ஏன் விழித்திருக்கிறாள் என்பதையும் அவள் வாயாலேயே கேட்க வேண்டும். முதல் கேள்வியோடு நிற்பவர் பிரசாரகர். கடைசிக் கேள்வியை மட்டும் கேட்பவர் கதவைச் சாத்திக்கொண்டவர். இரண்டையும் கேட்டுவிட்டுத் தம் முறையில் எதையும் மாற்றிக்கொள்ளாதவர், கேட்கவே இல்லை.