தரையில் பேசும் கலை

விமானியின் தேர்ச்சி தரையிறங்கும்போது தெரியும் என்பார்கள். அதற்கெல்லாம் முன்பே தெரிந்துவிடும் என்பது ரேடியோ கேட்டுப் பழகியவர்களின் கட்சி. நாலு சீட்டு செஸ்னா 172 ஒன்று நிறுத்துமிடத்தை விட்டு ஓடுபாதையை நோக்கி ஊர்ந்து போகும் சில நிமிடங்களிலேயே ஆள் எப்படி என்று குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

"டாக்ஸிவே ஆல்ஃபா வழியாக ரன்வே 27-க்குப் போகவும், ரன்வே 18-க்கு முன்னால் நிற்கவும்." கிரவுண்ட் கன்ட்ரோலர் இதை ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் சொல்வார். தேர்ந்த விமானி அதே வரிசையில் திருப்பிச் சொல்லி, தன் விமானத்தின் அழைப்புப் பெயரோடு முடிப்பார். 'முன்னால் நிற்கிறேன்' என்ற பகுதி விட்டுப்போனால் கன்ட்ரோலர் விடமாட்டார். மறுபடி கேட்டு வாங்குவார். அமெரிக்காவில் 2010 ஜூன் வரை, ஓர் ஓடுபாதைக்குப் போகச் சொன்னாலே வழியில் குறுக்கிடும் மற்ற ஓடுபாதைகளைக் கடக்கவும் அனுமதி கிடைத்ததாகப் பொருள். இப்போது ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அனுமதி வேண்டும். பேச்சு கொஞ்சம் நீண்டுவிட்டது, பரவாயில்லை.

விமான ரேடியோ 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில், இன்றும் பழைய ஏஎம் முறையில்தான் இயங்குகிறது. இதைப் பிற்போக்கு என்று நினைப்பவர்கள் அதன் சாமர்த்தியத்தைக் கவனிக்கவில்லை. எஃப்எம்மில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவான அலை மற்றதை விழுங்கிவிடும். ஒருவர் பேச்சு காணாமல்போனதே யாருக்கும் தெரியாது. ஏஎம்மில் காதைக் கிழிக்கும் கீச்சொலி எழும். கேட்கச் சகிக்காத சத்தம்தான். ஆனால் இருவர் மோதிக்கொண்டார்கள் என்ற செய்தி அதில் இருக்கிறது. கேட்டுக்கொண்டிருக்கும் மூன்றாமவர் "பிளாக்டு" என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டு ஒதுங்குவது இந்தக் கலையின் அழகான நாசூக்குகளில் ஒன்று.

இதைவிடத் தொல்லை, சிக்கிக்கொண்ட மைக் பொத்தான். ஒரு சின்ன விமானத்தில் அது அழுந்தியபடியே நின்றுவிட்டால் அந்த அலைவரிசையே முடங்கிவிடும். எஞ்சின் உறுமலும், சில சமயம் விமானி பக்கத்து சீட்டுக்காரரிடம் அளக்கும் கதையும்தான் எல்லோருக்கும் கேட்கும். அனுப்பிக்கொண்டிருக்கும் ரேடியோ எதையும் வாங்காது என்பதால், காரணமானவருக்கு மட்டும் யார் கத்தினாலும் கேட்காது. புதிய ரேடியோக்கள் சில, அரை நிமிடத்துக்கு மேல் போனால் தாமாகவே அனுப்புவதை நிறுத்திக்கொள்கின்றன.

பதில் வராதபோது பழக்கப்பட்ட கை எங்கே போகிறது என்று பார்ப்பது தனி ரசனை. ரேடியோ கெட்டுவிட்டது என்ற முடிவுக்கு அது உடனே வருவதில்லை. முதலில் ஹெட்செட்டின் இரண்டு பின்களை அழுத்திப் பார்க்கும்: காதுக்கானது தடிமன், மைக்குக்கானது மெலிசு. மெலிசானது கொஞ்சம் வெளியே வந்திருந்தால் விமானிக்கு எல்லாம் கேட்கும். அவர் பேசுவது மட்டும் யாருக்கும் போகாது. அடுத்து வால்யூம், இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச். பிறகு ஆடியோ பேனல்: அலைவரிசையை முதல் ரேடியோவில் வைத்துவிட்டு இரண்டாவதில் பேசிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். புது எண் 'ஸ்டாண்ட்பை'யிலேயே கிடக்கிறதா என்றும் ஒரு பார்வை. எல்லாம் சரியென்றால், விமானம் ஹேங்கருக்குப் பின்னால் நிற்கிறதோ என்ற சந்தேகம். இந்த அலைகள் நேர்கோட்டில் போகிறவை. டவர் கண்ணில் படாத இடத்தில் குரலும் படாமல் போகலாம்.

டவரே இல்லாத சிறு விமான நிலையங்களில் விமானிகள் ஒரே அலைவரிசையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு சமாளிக்கிறார்கள். இல்லினாய் மாநிலத்தின் குயின்சி அப்படிப்பட்ட இடம். 1996 நவம்பர் 19 அன்று பீச்கிராஃப்ட் 1900 பயணிகள் விமானம் ஒன்று அங்கே இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் குறுக்கே போகும் இன்னொரு ஓடுபாதையின் முனையில் ஒரு கிங் ஏர். அதன் பின்னால் காத்திருந்தது ஒரு பைப்பர் செரோக்கி. ஓடுபாதையில் நிற்பவர் காத்திருப்பாரா, கிளம்பப் போகிறாரா என்று இறங்குகிறவர்கள் கேட்டார்கள். கிங் ஏர் வாய் திறக்கவில்லை. பதில் சொன்னது பின்னால் நின்ற செரோக்கி. அந்தப் பதிலின் நடுவே, பீச்கிராஃப்டின் காக்பிட்டில் தானியங்கி எச்சரிக்கைக் குரல் உயரத்தை அறிவித்து மிச்சத்தை மூடிவிட்டது. செரோக்கி தன் அழைப்புப் பெயரைச் சொல்லித்தான் தொடங்கியிருந்தது. ஆனால் எதிர்பார்த்த ஆளிடமிருந்து எதிர்பார்த்த பதில் வந்துவிட்டதாகவே இறங்குகிறவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கிங் ஏர் கிளம்பியது. இரண்டு விமானங்களிலும் இருந்த 14 பேரும் இறந்தார்கள்.

மிலானின் லினாட்டே விபத்தில் சிக்கல் வேறு மாதிரி. 2001 அக்டோபர் 8, கடும் மூடுபனி. ஆர்5 என்ற டாக்ஸிவே வழியாகப் போகச் சொன்னதைச் சிறிய செஸ்னா சைட்டேஷன் ஜெட்டின் விமானி சரியாகவே திருப்பிச் சொன்னார். விமானம் திரும்பியதோ ஆர்6-இல். வழியில் தரையில் எஸ்4 என்ற குறியைக் கண்டு அதையும் சொன்னார். அப்படி ஒரு குறி இருப்பதே கன்ட்ரோலருக்குத் தெரியாது. ஓடுபாதையில் வேகமெடுத்துக்கொண்டிருந்த எஸ்ஏஎஸ் பயணிகள் விமானத்தின் குறுக்கே சைட்டேஷன் போய் நின்றது. 118 பேர் பலியானார்கள். எஸ்4 எங்கே இருக்கிறது என்று ஒரு கேள்வி கேட்கப்பட்டிருந்தால்!

ரேடியோ முழுக்கச் செத்துவிட்டாலும் பேச்சு நிற்பதில்லை. டவரில் கைவிளக்குத் துப்பாக்கி ஒன்று தயாராக இருக்கும். தரையில் உள்ள விமானத்துக்கு அது பச்சையாக மினுக்கினால் நகரலாம், சிவப்பு அசையாமல் எரிந்தால் நிற்க வேண்டும், வெள்ளை மினுக்கினால் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். புரிந்தது என்று சொல்ல விமானி பகலில் இறக்கையின் எய்லரானையோ வாலின் ரடரையோ அசைக்கிறார். இரவில் விளக்கை மினுக்குகிறார்.

பேசாமையையே ஏற்பாடாக்கிய இடமும் உண்டு. விஸ்கான்சினின் ஆஷ்காஷில் கோடைதோறும் நடக்கும் ஏர்வெஞ்சர் விழாவுக்கு அங்கும் சுற்றுவட்டாரத்திலுமாகப் பத்தாயிரம் விமானங்கள் வரை வந்து இறங்குகின்றன. ஆளாளுக்குப் பேசினால் கதை கந்தல். அதனால் வருகிறவர்கள் கேட்க மட்டும் செய்கிறார்கள். வானில் கன்ட்ரோலர் நிறத்தையும் வகையையும் சொல்லிக் கூப்பிட்டால் இறக்கையை ஆட்டிக் காட்டுகிறார்கள். இறங்கியதும், எங்கே நிறுத்தப் போகிறோம் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதிய தாளை முன்கண்ணாடியில் வைத்துவிடுகிறார்கள். கொடி பிடித்த தொண்டர்கள் அதைப் படித்துப் புல்தரைக்குத் திருப்பிவிடுகிறார்கள்.