ரிவர்ஸ்டன் இறக்கமும் நாலு டிஸ்க்கும்

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் மாத்தளையிலும் இப்போது கேட்கிறார்கள்: "நாலு வீலுக்கும் டிஸ்க்கா?" பின்சக்கரத்தில் டிரம் பிரேக் என்றால் முகம் சுருங்குகிறது. டிஸ்க்குக்குக் கிடைத்த மதிப்பில் பெரும்பகுதி நியாயமானதே. ஆனால் இறத்தோட்டை வழியாக நக்கிள்ஸ் மலைத்தொடரிலுள்ள ரிவர்ஸ்டன் போய்வரும் வண்டிக்கு அந்தக் கேள்வி போதாது.

பிரேக் என்பது ஓட்டத்தை வெப்பமாக மாற்றும் கருவி. 1,200 கிலோ கார் ஒன்று 60 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை நிற்கையில் ஏறத்தாழ 1,67,000 ஜூல் ஆற்றல் கழிய வேண்டும். அதே கார் 500 மீற்றர் உயரம் இறங்கினால் அந்தக் கணக்கு 59 இலட்சம் ஜூல்; முப்பத்தைந்து முறை அப்படி நின்றதற்குச் சமம். ஒரு பங்கைக் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும். மீதியை எஞ்சின் தாங்காவிட்டால் பிரேக்தான் தாங்க வேண்டும். ஏ9 வீதியில் நாலந்தைப் பக்கம் ஓடும்போது ஒரு மிதிக்கும் அடுத்த மிதிக்கும் இடையே பிரேக் ஆறிவிடும். ரிவர்ஸ்டன் வளைவுகளில் அதற்கு நேரமில்லை.

டிரம் தோற்பது இங்கேதான். வெப்பம் உள்ளே அடைபடுகிறது; சூடேறிய டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகுவதால் மிதி ஆழமாக இறங்குகிறது. டிஸ்க் திறந்தவெளியில் சுழல்வதால் விரைவாக ஆறும், நக்கிள்ஸ் மழையில் நனைந்த நீரையும் உதறிவிடும். 1953இல் லெ மான் பந்தயத்தை டிஸ்க் பொருத்திய ஜாகுவார் வென்றபோது உலகம் இதைக் கண்டுகொண்டது. ஆயினும் டிரம்முக்கும் ஒரு வலிமை உண்டு: அதன் சுழற்சியே முன் ஷூவை இழுத்து அழுத்துவதால் சிறு விசைக்கே நல்ல பிடி கிடைக்கும். சரிவான வாசலில் வண்டியை நிறுத்திவைக்கும் வீடுகளுக்கு டிரம்மில் இயங்கும் ஹேண்ட்பிரேக் பெரிய உதவி. தவிர, பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது, இறக்கத்தில் இன்னும் அதிகமாக. பாரம் கூடிய முன்பக்கம் டிஸ்க்கும் பின்பக்கம் டிரம்மும் வைத்த சிறிய கார் மட்டமான கார் அல்ல.

நான் அஞ்சுவது பிரேக் ஒயிலைப் பற்றி. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 வகை ஒயிலின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை. நீர் சேர்ந்தபின் 140 வரை விழலாம். கொதித்தால் குழாயில் ஆவி நிரம்பும், மிதி வெறுமையாக அமுங்கும். அப்போது நாலு சக்கரத்திலும் டிஸ்க் இருந்து என்ன பயன்? 2020இலிருந்து 2025 வரை கார் இறக்குமதி நின்றிருந்ததால் பழைய வண்டிகளே கைமாறின. ஒயில் எப்போது மாற்றினார்கள் என்று கேட்கிறவர் அபூர்வம்.

ஓட்டும் பழக்கமும் சேர்ந்து கெடுக்கிறது. எரிபொருள் மிஞ்சும் என்று நியூட்ரலில் உருட்டி இறங்குவது தவறான கணக்கு. இன்றைய எஞ்சின் கியரில் இருந்தபடி இறங்கும்போது எரிபொருளை அறவே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஓடிக்கொண்டிருக்கக் கொஞ்சம் குடிக்கும். பிரியஸ், அக்குவா ஓட்டுநர்கள் பலர் 'பி' (B) கியரைத் தொடுவதேயில்லை. ஹைபிரிட்டின் மின்பிரேக் பட்டரி நிறையும்வரைதான் உதவும்; நெடிய இறக்கத்தில் அது நிறைந்தபின் சுமையின் பெரும்பங்கு பிரேக் பேடுகளுக்கு வரும், 'பி' போட்டால் எஞ்சின் பங்கெடுக்கும். தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி ஏற்றும் லொறிச் சாரதிகளில் அனுபவசாலிகள் இதை அறிவார்கள். காற்றுப் பிரேக்கை மீண்டும் மீண்டும் மிதித்தால் தாங்கியில் காற்று குறையும் என்பதால் சிறிய கியரும் எக்ஸோஸ்ட் பிரேக்குமே அவர்களின் முதல் துணை.

சட்டத்தின் கவனமோ புகையில் நிற்கிறது. தனியார் காருக்கு ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெறப் புகைப்பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். பிரேக்கைச் சோதித்த சான்றிதழ் வேண்டியதில்லை. பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் கேட்கும் அரசு, குடும்பத்தோடு ரிவர்ஸ்டன் போகும் காரை விட்டுவிடுகிறது. புகை பார்க்கும் அதே நிலையத்தில் ஒயிலின் ஈரத்தை அளக்கச் சில நிமிடங்களும் கையடக்கக் கருவி ஒன்றும் போதும். மத்திய மாகாணத்திலாவது இதை உடனே தொடங்கலாம்.