ஏழு ராத்திரிச் சாப்பாடு

இலுப்பூர்ப் பக்கத்து வீடுகளில் ராத்திரிச் சமையலுக்குப் பட்டியல் எழுதி ஒட்டுவதில்லை. காய்ப் பையைக் கொட்டிப் பிரிக்கும்போதே முக்கால்வாசி முடிவாகிவிடும். சீக்கிரம் வாடுவது முதலில் அடுப்பேறும்: வெண்டை, கத்தரி, அப்புறம் முருங்கை. பரங்கியும் சேனையும் பொறுத்திருக்கும். கீரை ராத்திரிக்கு ஆகாது, மத்தியானமே கடைந்துவிடுவார்கள்.

நாள்காட்டியும் பார்க்க வேண்டும். பக்கத்தில் விராலிமலை முருகன். கிருத்திகை, வெள்ளி, அமாவாசைக்குக் கவுச்சி கிடையாது. ஞாயிறு கறிக்குழம்பில் மிஞ்சியதைச் சுண்டவைத்தால் திங்கள் தோசைக்குத் தொட்டுக்க ஆச்சு.

எனக்குப் பிடித்தது மாவுக் கணக்குதான். முதல் நாள் இட்லி, மறுநாள் தோசை. மூன்றாம் நாள் புளித்த மாவில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் குழிப்பணியாரம். புளிப்பையும் ருசியாக்கத் தெரிந்த கைக்கு ஏழு ராத்திரி பெரிய பாடில்லை.