பழுது டிஸ்க்கிலா, இணைப்பிலா?

கணிப்பொறி தகவலைத் தர மறுத்தால் "டிஸ்க் போய்விட்டது" என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். பல டிஸ்க்குகளைக் கேபிளால் இணைத்த பெரிய சேமிப்பு அமைப்புகளில் இது எவ்வளவு தூரம் சரி? 'சேமிப்புப் பழுதுகளுக்கு டிஸ்க்கே முதற்காரணமா?' என்னும் பொருள்பட வெய்ஹாங் ஜியாங் முதலிய நால்வர் 2008-இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இதற்கு விடை தருகிறது.

நெட்ஆப் நிறுவனத்தின் ஏறத்தாழ 39,000 அமைப்புகள், 18 லட்சம் டிஸ்க்குகள், 44 மாதப் பதிவுகள் இதன் அடிப்படை. பழுதுகளில் டிஸ்க்கின் பங்கு, அமைப்பின் வகைக்கேற்ப 20 முதல் 55 சதவீதம். கேபிள், டிஸ்க்குகளைத் தாங்கும் பெட்டி முதலிய இணைப்புகளின் பங்கோ 27 முதல் 68 சதவீதம்! இணைப்புப் பாதை இரண்டாக உள்ள அமைப்புகளில் பழுது 30 முதல் 40 சதவீதம் குறைவு.

ஒரு டிஸ்க் போனால் மற்றவை ஈடுசெய்யும் என்பது 'ரெய்டு' ஏற்பாட்டின் நம்பிக்கை. இணைப்பு அறுந்தால் பல டிஸ்க்குகள் ஒருசேர மறையுமே! பழுதுகள் இப்படிக் கூட்டமாக வருவதை எண்களால் நிறுவியதே கட்டுரையின் சிறப்பு.

குறைகளும் உண்டு. ஒரே நிறுவனத்தின் இயந்திரங்களையே அது பார்த்தது; காற்றின் உப்பையும் கந்தகத்தையும் தனியே ஆராயவில்லை. திருவொற்றியூர், எண்ணூர் வாசிகளுக்கு இது பெருங்குறை. கடற்காற்றின் உப்பு ஈரம் ஒருபுறம், தொழிற்சாலைப் புகை மறுபுறம். கனெக்டரின் தங்க முலாம் மிக மெல்லியது. அதன் நுண்துளைகள் வழியே அடியிலுள்ள உலோகம் அரிக்கப்பட்டால் மின்தடை ஏறும். தகவல் வழியிலேயே சிதையும்.

இப்பகுதியில் நானறிந்த ஓர் ஆய்வுக்கூடத்தில் 'பழுதான' டிஸ்க்கை எறிந்துவிட்டுப் புதியது போட்டார்கள். ஒரே வாரத்தில் அதுவும் 'பழுது'! கேபிளை மாற்றியதும் சரியாயிற்று. ஆனால் எறிந்த டிஸ்க்கோடு மாணவர்களின் ஒரு பருவத்து அளவீடுகளும் போய்விட்டன.

பிரித்தறிவது எளிது. முதலில் தகவலைப் பிரதி எடுங்கள். பிறகு 'சாட்டா' வகை டிஸ்க் தன்னைப்பற்றி வைத்திருக்கும் 'ஸ்மார்ட்' கணக்கைப் பாருங்கள். 5 என்ற எண்ணுக்குரிய கணக்கு, கெட்டதென ஒதுக்கப்பட்ட பகுதிகளைக் குறிக்கும். அது ஏறினால் டிஸ்க்கைச் சந்தேகிக்கலாம். 199-க்குரிய கணக்கு, வழியில் சிதைந்த தகவலைக் குறிக்கும். அது ஏறினால் முதலில் கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும்.

நம் பகுதிக் கல்லூரிகள் ஒவ்வொரு பழுதுக்கும் உண்மைக் காரணத்தைக் குறித்துவந்தால், கட்டுரை விட்ட இடத்தை நாமே நிரப்பலாம்.