மடியிலே பின்னர் வந்த குழந்தை

ஐக்கிய அமெரிக்காவின் வூஸ்ரர் நகரக் கலைக்கூடத்திலே 'எலிசபெத் கிளார்க் பிறீக்கும் குழந்தை மேரியும்' என்னும் ஓவியம் உண்டு. பொஸ்ரன் ஆங்கிலேயரின் குடியேற்றப் பட்டினமாயிருந்த பதினேழாம் நூற்றாண்டிலே தீட்டப்பெற்றது. தீட்டியவர் எவரென்பது தெரியாது. அதே கையின் ஆக்கங்களெனக் கருதப்படும் வேறு சில படங்களையும் சேர்த்து, அக்கைக்குரியவரைப் 'பிறீக் ஓவியர்' என ஆய்வாளர் அழைக்கின்றனர். பெயர் மறைந்த சங்கப் புலவருக்கு அவர்தம் சொற்றொடரே பெயராயிற்று. செம்புலப்பெயனீரார் அவ்வாறு வந்தவரே. இவ்வோவியருக்கோ கூலி கொடுத்தவரின் குடும்பப் பெயர் வாய்த்தது!

படத்தை நோக்குவோம். துருக்கி வேலைப்பாட்டைப் பின்பற்றிய துணி போர்த்த நாற்காலியில் ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். கழுத்திலே முத்துவடம், தோளிலே அகன்ற வெள்ளை றேந்தைப் பட்டி, கைகளிலே நாடா முடிச்சுகள், செந்நிறப் பாவாடையின் ஓரத்திலே பொன்னிறப் பின்னல். ஆறு மாதக் குழந்தை மடியிலே நிற்கிறது. அதன் வயதைப் படத்திலேயே எழுதியும் வைத்துள்ளனர். குழந்தை தாயை நோக்கிக் கை நீட்ட, தாயின் பார்வை குழந்தைமேல் இல்லை.

இதனைத் தாய்மையின் நித்திய வடிவமெனப் போற்றுவோர் பலர். 'தாய்மை' என்ற சொல் காதில் விழுந்தவுடன் கண்ணை மூடிக்கொள்ளும் விமர்சகர் எந்நாட்டிலும் உளர்! கண் திறந்திருப்போர் முதலிற் காண்பது துணியையே. தூய்மைவாதக் கிறிஸ்தவரின் நாடாகிய மசாச்சுசெற்சில் இத்துணை ஆடம்பரமா என ஐயுறுவோர் 1651ஆம் ஆண்டுச் சட்டத்தை நினைவுகூரவேண்டும். இருநூறு பவுணுக்கு மேற்பட்ட சொத்தில்லாதோர் பொன், வெள்ளிப் பின்னல்களையும், யார் ஒன்று இரண்டு சிலிங்குக்கு மேற்பட்ட றேந்தையையும் அணியலாகாதென அது விதித்தது. ஆடம்பரமன்று, தகுதிமீறிய ஆடம்பரமே அங்கு குற்றம். எனவே எலிசபெத்தின் றேந்தை அழகுக்காக மட்டும் அணியப்பட்டதன்று. அவள் கணவனின் சொத்துக்கு அது சான்றுபத்திரம். ஜோன் பிறீக் கப்பல்களிற் பங்குடைய வணிகன். ஓவியர் தம் முழுத்திறனையும் அந்தத் துணியிற் கொட்டியதன் காரணம் இதுவே. றேந்தையின் ஒவ்வோர் இழையும் எண்ணத்தக்கதாய் நிற்கிறது.

இனி, எல்லாவற்றினும் முக்கியமானதொன்று. எக்ஸ் கதிர்களால் இப்படத்தை ஆராய்ந்தபோது குழந்தைக்குக் கீழே வேறொரு படம் தெரிந்தது. 1671இல் தீட்டப்பட்ட முதற்படத்திலே குழந்தை இல்லை. கைகள் மடிமீது கிடந்தன. மேரி பிறந்தபின் 1674இல் அதே படத்தின்மேல் குழந்தையை எழுதிச் சேர்த்திருக்கின்றனர். 1661இல் மணமுடித்த இத்தம்பதியருக்குப் பிள்ளைகள் எண்மர். அஃதாவது, குழந்தையின்றி ஓவியத்தில் அமர்ந்த 1671இலேயே எலிசபெத் பிள்ளைகள் பெற்ற தாய்தான். முத்தும் பட்டும் போதுமென அன்று கருதினர். மூன்றாண்டு கழித்து மடிக்கு ஒரு குழந்தையும் வேண்டியதாயிற்று. நித்தியமென நாம் போற்றும் தாய்மை இங்கே பின்னர் வந்த கட்டளை. அதை வேண்டியவர் அவளோ கணவனோ, அவள் மனம் யாதாயிருந்ததோ, படம் சொல்லாது. சொல்லும்படி அக்காலம் அவளைக் கேட்டதுமில்லை.

உருவங்கள் தட்டையாய் உள்ளன, உடற்கூறு அறியாத கை என்று இவ்வோவியரைக் குறைகூறுவதும் உண்டு. இஃது ஒப்பத்தக்கதன்று. நிழலைக் குறைத்து அணியையும் துணியையும் துலங்கவைக்கும் இம்முறை, முதலாம் எலிசபெத் அரசி காலத்து இங்கிலாந்திலிருந்து வந்த பழைய மரபு, அறியாமையன்று. ஆனால் அம்மரபு குழந்தைக்குப் பொருந்தவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். நிமிர்ந்த முதுகுடன் அது மரப்பாவைபோல் நிற்கிறது. தாயின் கை மட்டும் வேறுவிதம். முன்பு வெறுமனே மடியிற் கிடந்த கைகளுக்குப் புதுத் தொழில் கொடுக்க நேர்ந்தபோது, குழந்தை சாய்ந்துவிடாதபடி விரல்களை அதன் இடையிலே பதித்திருக்கிறார் பெயரில்லாத இந்த ஓவியர். றேந்தையில் அவர் காட்டிய கவனம் அவ்விரல்களிலும் இருக்கிறது.